பாக்கியத்தின் காந்தம்

என் மூத்த பேரன் செல்வம் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞன். அடுத்தவள் மல்லிகா ஆசிரியப் பயிற்சிக்குத் தெரிவாகிவிட்டாள். கடைக்குட்டி ரவி வகுப்பில் முதலாம் பிள்ளை. மல்லிகாவின் செய்தியைப் பாக்கியத்திடம் சொல்லத்தான் வியாழக்கிழமை காலை புறப்பட்டேன். எதிரே பக்கத்து வீட்டு மேரி ஓடி வந்தாள்.

"பெரியம்மா, நம்ம பாக்கியம் அக்கா செத்துப் போயிட்டாங்க!"

"எந்தப் பாக்கியம்?" என்று கேட்டேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரே பாக்கியம்தான். பிள்ளைகளுக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாளாம். முந்தின மாலைதான் என்னோடு சண்டை பிடித்தாள். என்னைவிட இளையவள். இன்னும் நம்ப முடியவில்லை.

அவள் கையில் வளர்ந்த பிள்ளைகளே, உங்களுக்கு நினைவிருக்கும். தாய்மார் மலைக்கு வேலைக்குப் போனபின் பிள்ளைக்காம்பராவில் உங்களைப் பார்த்துக்கொண்டவள் அவள். உக்குவளை ஸ்டேசன் பக்கத்தில் ரேடியோ திருத்துபவரிடம் ஒரு பழைய காந்தம் கேட்டு வாங்கி வந்தாள். அட்டையின் மேல் சோடா மூடிகளை வரிசையாக வைத்து, அடியில் காந்தத்தை நகர்த்தினால் ரயில் ஓடும். தினமும் அழுதுகொண்டு போன செல்வம், "உக்குவளையில நிப்பாட்டு!" என்று கத்தத் தொடங்கியது அன்றுதான். நடுவில் ஒரு மரப் பொத்தானையும் வைத்திருந்தாள்.

"இந்தப் பெட்டி மட்டும் ஏன் வரமாட்டேங்குது?" என்றான் செல்வம்.

"நான் சொன்னா அது என் பதிலு. நீயே கண்டுபுடி, அது ஒன் பதிலு."

அதன்பின் செம்பு, கதவு, நாய் என்று எதையும் காந்தத்தை வைத்துப் பார்க்காமல் அவன் விடவில்லை. பாக்கியத்தின் தங்க மூக்குத்தியில் காந்தம் ஒட்டாது என்பதைப் பிள்ளைகள் கண்டுவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து, மகன் வாங்கித் தந்த தங்க வளையலைக் காட்டப் போனேன். செல்வம் காந்தத்தை நீட்டினான். டக்கென்று ஒட்டியது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

"காந்தத்துக்கும் ஒங்க பாட்டி மேல ஆசைடா, விடமாட்டேங்குது!" என்றாள் பாக்கியம். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு எவரிடமும் அவள் அதைப் பேசவில்லை.

நீங்கள் வளர்ந்தபின், வந்த படங்களையெல்லாம் காம்பராவின் இரும்பு அலுமாரியில் அதே காந்தத்தால் மாட்டினாள். அந்த மாலைச் சண்டையும் அங்கே மாட்டியிருந்த செல்வத்தின் பழைய படத்துக்காகத்தான். "மீச மொளச்சவன இன்னும் அரைக்கால் சட்டையோட வச்சிருக்கோம். புதுப் படம் கேளுங்க பெரியம்மா!" நாளைக்கு எழுதுகிறேன் என்றேன்.

அடக்கம் முடிந்து காம்பராவுக்குப் போனேன். காந்தம் அந்தப் பழைய படத்தைப் பிடித்துக்கொண்டே இருந்தது. காந்தத்தை எனக்கே தந்துவிட்டார்கள். அவள் நினைவாக என்னிடம் இருப்பது அதுவும், இன்றும் கழற்றாத இந்த வளையலும்தான்.

செல்வம், மீசையோடு ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் போடு, ராசா. கேட்டது நானல்ல.