அன்பின் விருந்துக்கு ரெண்டு அண்டா

சமையல் காண்ட்ராக்ட் தொழிலில் உப்புக் கூடினால்கூடத் தப்பித்துவிடலாம். பந்தியில் உட்கார்ந்தவர்களுக்குள் ஆகாமல் போனால் தப்பிக்க வழியே கிடையாது. காதுகுத்தோ கல்யாணமோ, கரண்டி பிடித்த பாவத்தைச் செய்த அத்தனை பேருக்கும் இது தெரியும். நான் ராசிபுரத்துக்காரன், கும்பிடுவது மாரியம்மனை. ஆனாலும் நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் சர்ச் பிரியாணி என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஆராதனை முடிந்து எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவதை அவர்கள் 'அன்பின் விருந்து' என்பார்கள். போன வருஷம் ஒரு சர்ச்சில் அந்த அன்பைப் பரிமாறப் போய் நான் பட்ட பாடு இது.

டைல்ஸ்

அந்தச் சபையில் இரண்டு பெரிய ஆட்கள். ஒருத்தர் கோழிப்பண்ணை சாமுவேல் அண்ணன், இன்னொருத்தர் லாரிக்கு பாடி கட்டும் தேவராஜ் அண்ணன். கட்டினது அக்கா தங்கச்சியை, சகலைகள். ஆலயத்துக்கு டைல்ஸ் போடலாம் என்றபோது ஒருத்தர் வெள்ளை என்றார், ஒருத்தர் சந்தனக் கலர் என்றார். அவ்வளவுதான், பேச்சுவார்த்தை நின்றுபோச்சு. சபையும் இரண்டாகப் பிரிந்தது. தரை இன்னும் வெறும் சிமெண்ட்தான்.

விருந்து சொல்ல வந்தவர் சாமுவேல் அண்ணன். பந்தியை இரண்டாகப் போடணும், அண்டாவையும் தனித்தனியாக ஏற்றணும் என்றார். "ஏனுங்க, வாசல்ல அன்பைப் பத்தி அத்தாம் பெரிய பேனர் கட்டியிருக்குதே?" என்று கேட்டேன். "அது வருசா வருசம் கட்டறதுங்க மாஸ்டரு" என்றார்.

செபம்

ஒரே கடைக் கறி, ஒரே அரிசி, ஒரே கை மசாலா. கிழக்கே சாமுவேல் அண்ணன் பக்கத்துக்கு ஒன்று, மேற்கே தேவராஜ் அண்ணன் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அண்டா. பாஸ்டர் சின்ன வயசு, பாவம். கிறிஸ்தவன் என்பதற்கு அடையாளம் கழுத்தில் தொங்கும் சிலுவை இல்லை, பக்கத்தில் இருப்பவனை நேசிப்பதுதான் என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் பேசினார். இரண்டு பக்கமும் ஆமென் பலமாகத்தான் சொன்னார்கள்.

அப்புறம் வெளியே வந்து சாப்பாட்டுக்குச் செபம் பண்ணினார். எனக்கு அது பழக்கம். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நானும் கண்ணை மூடிக்கொள்வேன். திறந்து பார்த்தால் மேற்குப் பந்தி பாதி இலையைத் தாண்டிவிட்டது, கிழக்குப் பந்தியில் ஒருத்தரும் கை வைக்கவில்லை. பாஸ்டர் தெரியாத்தனமாக மேற்கு அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று செபித்துவிட்டார். பிரியாணி ஆறுகிறதே என்று எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "அதான் செபம் ஆயிருச்சே, சாப்பிடுங்க!" என்றேன். சாமுவேல் அண்ணன் அசையவில்லை. "அது அவிங்க அண்டாவுக்குப் பண்ணுனதுங்க. எங்குளுதுக்குத் தனியா ஒண்ணு பண்ணச் சொல்லுங்க." பாஸ்டர் ஓடிவந்து இன்னொரு செபம் பண்ணின பிறகுதான் கிழக்குப் பந்தி இலையில் கை வைத்தது.

தூக்குப்போசி

தேவராஜ் அண்ணன் சம்சாரம் ரெபேக்காள், வயிற்றில் ஆபரேஷன் ஆகி அன்றைக்குத்தான் முதல் தடவையாக வெளியே வந்திருந்தார். ஆள் பாதியாகிப் போயிருந்தார். எதைக் கொடுத்தாலும் ஒரு வாய்க்கு மேல் இறங்குவதில்லையாம். இப்படியே போனால் மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்க்கணும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அடுப்படிக்கு வந்து தேவராஜ் அண்ணனே என்னிடம் புலம்பிவிட்டுப் போனார்.

அந்த வருத்தத்தோடு கிழக்கு அண்டாவுக்கு வந்தால், அங்கே ரெபேக்காளின் அக்கா ரூத், அதாவது சாமுவேல் அண்ணன் சம்சாரம், முந்தானைக்குள் ஒரு தூக்குப்போசியை மறைத்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே குழைந்த சோறும் பருப்பு ரசமும். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "நீங்க ஆக்குனதுன்னு சொல்லி எந்தங்கச்சிக்குப் போடுங்க மாஸ்டரு. எங்க ஊட்டுக்காரருக்குத் தெரிஞ்சா ஆட்டம் ஆடுவாரு."

முதல் வாய்

போட்டேன். நான் ஆக்கியது என்று பொய்யும் சொன்னேன். ரெபேக்காள் ஒரு வாய் வைத்தார். கை அப்படியே நின்றுபோச்சு. கண்ணெல்லாம் தண்ணீர். "காரமா இருக்குதுங்களா?" என்று பதறினேன். என்னைச் சட்டையே பண்ணவில்லை. கிழக்குப் பந்தியைப் பார்த்து, சபை முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட்டார்: "ஏக்கா! பக்கத்துல வந்து உக்காரு. நீ உக்காந்தாத்தான் நான் இதைத் திம்பேன்."

அத்தனை பேரும் சாப்பிடுவதை விட்டுவிட்டு ரூத் அக்காவைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். சாமுவேல் அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு "உக்காரு" என்றார். "தரைக்கு எந்தக் கலர் வேணாலும் போட்டுக்கங்க, எந்தங்கச்சி பட்டினி கெடக்கறா" என்று சொல்லிவிட்டு ரூத் அக்கா நடந்தார். தேவராஜ் அண்ணன் அவசரமாக எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தார். அக்கா ஊட்ட ஊட்டத் தங்கச்சி சாப்பிட்டார். போசி காலி. சொல்ல என்ன வெட்கம், நானும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்புறம் சாமுவேல் அண்ணனும் மெதுவாக எழுந்து மேற்குப் பந்திக்குப் போனார். அவர் அண்டாவில் பாதிக்கு மேல் பிரியாணி அப்படியே கிடந்தது. ஆனாலும் தேவராஜ் அண்ணனின் முகத்தைப் பார்க்காமலே சாமுவேல் அண்ணன் சொன்னார்: "எங்குளுது தீந்துபோச்சுங்க சகல. உங்குளுதுல இருந்தா ஒரு கரண்டி போடச் சொல்லுங்க."

விருந்து பிரமாதம் என்று போகிறவர்களெல்லாம் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், நானும் அந்தப் பருப்பு ரசத்தை ஆக்கினவன் மாதிரியே கூச்சமில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றேன்.