பல் பதியாத எலும்பு

ஆயர் குரோ ஊரில், மகன் வீட்டில், மருமகள் பட்டாணிப் பருப்பும் ஹாம் என்ற பன்றித்தொடை எலும்பும் போட்டு சூப் வைக்கிறாள். அந்த வாசனையில் சின்ன வயதில் இருந்த நியாலாஸ் ரப்பர் தோட்டத்து வீடு நினைவுக்கு வந்துவிட்டது.

அம்மா துரை பங்களாவில் சமையல்காரி. கிறிஸ்துமஸ் விருந்து முடிந்ததும் ஹாம் எலும்பைக் கொண்டுவந்து பருப்போடு வேகவைப்பார். எலும்பு துரையின் நாய்க்கு உரியது; மறுநாள் காலை திருப்பிக் கொண்டுபோக வேண்டும். நாங்கள் ஐந்து பிள்ளைகள். சூப்பில் ஆளுக்கு இரண்டு இறைச்சித் துணுக்குக்கு மேல் வந்ததில்லை. குடித்து முடித்ததும் எலும்பையே பார்த்துக்கொண்டிருப்போம்.

“கடிச்சிடாதீங்கடா. பல்லுத் தடம் தெரிஞ்சா என் வேல போயிரும்.”

இன்று சாப்பிட்டு முடித்ததும் மருமகள் கேட்டாள். “மாமா, எலும்ப நம்ம நாய்க்குப் போட்டுறவா?”

“நாய்க்கா? இங்க கொண்டா லா.”

எனக்கு மிச்சம் இருப்பது பதினொரு பற்கள். பதினொன்றும் பதியும்படி கடித்தேன்.