கோழி கொத்திய ஓட்டு

டோரிகா இரும்பைத் தட்டினால் ஷிரே ஆறு வெலவெலத்துப்போய் வந்த வழியே ஏரிக்குத் திரும்பிவிடும். முதலைகள் குட்டிகளோடு வரிசை கட்டி மேட்டுக்கு ஏறும். மழைகூட அவளைக் கேட்டுக்கொண்டுதான் பெய்யும். ஊரில் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் அளப்பார்கள். அவள் தங்கை ஃபலேசிக்கு இதைக் கேட்டாலே வயிறு எரியும்.

நிஜத்தில் டோரிகா காலையில் மாவு உருண்டை பொரித்து விற்கிறவள். ஆற்றோரக் கம்பத்தில் போட்ட சிவப்புக் கோடு வரை தண்ணீர் ஏறினால், மரத்தில் தொங்கும் பழைய லாரிச் சக்கரத்தைத் தட்டிவிட்டு வீடு வீடாக ஓடுகிறவள். போன வெள்ளத்தில் கண் தெரியாத சான்டோஸ் கிழவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினாள். தங்கைக்குக் கிடைத்தது, "ஆட்டப் புடிச்சிக்கிட்டு நீ வா" என்ற ஒரு வார்த்தைதான். இடுப்பளவு தண்ணீரில் இரண்டு ஆடுகளோடு ஃபலேசி தனியாக மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அக்கா அடுத்த வீட்டைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ஒரே கேள்வி அவளை உள்ளே அரித்தது. ஊருக்கு அப்புறம்தானா நான்?

இந்த வருஷ மழைக்கு முன்பு, ஊர் எவ்வளவு பத்திரமாக இருக்கிறது என்று பார்க்க மாவட்டத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மரத்தடியில் சாம்பலால் ஊரையே தரையில் வரைந்தார்கள். ஆளுக்கொரு மக்காச்சோள மணி கொடுத்து, "ஆறு ஏறினா யாரு வீட்ட நம்பி ஓடுவீங்க? அங்க வைங்க" என்றார்கள்.

டோரிகா வீட்டுக் கட்டத்தில் மணி குவிந்தது. ஊர்த்தலைவர் கட்டத்தில் ஒன்றே ஒன்று. அதை வைத்தது அவரேதான். ஃபலேசி தன் மணியை ஆற்றுக்குள் எறிந்தாள், சாம்பல் ஆறுதான்.

"அடியே, உங்க வீடு நெறஞ்சி வழியுதே! இனிமே நீ ஆட்டுக் கொட்டாயிலதான் படுக்கணும்" என்று சிரித்தாள் எசினாட்டா அத்தை.

"படுக்கறேன் அத்தை. ஆடாவது என்னத் திரும்பிப் பாக்கும்."

எல்லோரும் ன்சிமாக் களி சாப்பிட எழுந்து போனார்கள். ஃபலேசி வீட்டுக்கு ஓடி, ஒரு கை தவிடு அள்ளி வந்து மரத்தடியில் தூவி, "பா பா" என்று கூப்பிட்டாள். ஊர்க் கோழியெல்லாம் ஓடி வந்தது. தவிடு தீர்ந்ததும் ஓட்டாக வைத்த மணிகளைக் கொத்தியது. பிறகு ஆறு, பள்ளிக்கூடம், தலைவர் வீடு எல்லாவற்றையும் ஒன்றாகக் கிளறிப் போட்டது.

"சோளத்தத் தரையில வச்சிட்டு யாராவது சாப்பிடப் போவாங்களா?" என்றார் தலைவர். குரலில் ஒரு சந்தோஷம்.

மறுபடி வரைந்தார்கள். இம்முறை கல். மனஸ்தாபம் வேண்டாம் என்று எல்லோரும் முதுகைக் காட்டி நிற்க, ஒவ்வொருவராகப் போய் வைத்தார்கள். ஃபலேசி தலைவர் வீட்டுக்குத்தான் குனிந்தாள். கை என்னவோ அக்கா வீட்டில் போய் நின்றது. யாரும் பார்க்கவில்லை.

வந்தவர்களில் ஒருவர் எண்ணி முடித்துச் சிரித்தார். "ஏம்மா டோரிகா, உங்க கல்லையும் உங்க வீட்டுலயே வச்சிட்டீங்களா?"

"வெள்ளத்துல நான் வீட்டுலயா இருப்பேன்? அங்க இருக்கறவ என் தங்கச்சி இவ. கல்லு இவளுக்குத்தான். இவ ஆட்டோட மேடேறினதக் கண்ணால பாத்தாத்தான் அடுத்த வீட்டுக்கு எனக்குக் காலு நகரும்."

"பொய்! நீ என்னப் பாக்கவே இல்ல!" என்று கத்தினாள் ஃபலேசி.

"ரெண்டு கயித்தையும் பல்லுல கடிச்சிக்கிட்டு வந்தியே, கழுத. பாக்காமயா சொல்றேன்?"

ஃபலேசி கால் விரலால் சாம்பலைக் கிளறினாள்.

"அது கெடக்கட்டும். நம்ம தவிட்டுப் பானை ஏன்டி தெறந்து கெடக்கு?"

ஃபலேசி அவசரமாகப் பேச்சை மாற்றினாள். "எப்படியும் நான் ஒனக்கு வைக்கல. தலைவருக்குத்தான் வச்சேன்."

"அப்படியா?" டோரிகா தரையைக் காட்டினாள். "தலைவரு வீட்டுல கெடக்கறது ஒரே கல்லு. அத வச்சவரு அதோ, மீசையத் தடவிக்கிட்டு நிக்கறாரு."