பிடுங்கிய வீடு எரிந்த வீடாகாது

தீயணைப்புப் படையில் என்னைச் சேர்த்தது என் வீரம் அல்ல, என் உயரம்.

பர்மாவில், டாலா துறையில் படகை விட்டு இறங்கி, எலும்பெல்லாம் இடம் மாறும்வரை சைக்கா என்கிற மிதிவண்டி ரிக்‌ஷாவில் போனால், வயல்களுக்கு நடுவே எங்கள் ஊர் வரும். எல்லாம் மூங்கில் தட்டியும் ஓலைக்கூரையும்தான். ஒரு கூரையின் தாடி அடுத்த கூரையின் தோளில் கிடக்கும். இப்படிப்பட்ட ஊரில் தண்ணீர் ஊற்றித் தீயை அணைப்பதெல்லாம் பேச்சுக்குத்தான். உண்மையான வேலை வேறு. தீ வருகிற பாதையில் ஒரு வீட்டைப் பிடுங்கிப் போட்டு, அது தின்ன ஒன்றும் இல்லாமல் செய்ய வேண்டும். அதற்கென்று நீள மூங்கிலின் முனையில் ஓர் இரும்புக் கொக்கி இருந்தது. ஊரில் அந்த மூங்கிலுக்குப் பொருத்தமான ஆள் நான் ஒருவன்தான்.

"இந்த வயசு வரைக்கும் ஒண்ணும் கட்டல. இடிக்கவாச்சும் ஒரு வேல கெடச்சுதே" என்றாள் என் மனைவி.

கோடையில் இன்னொரு வேலையும் உண்டு. காலைச் சமையல் முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட வேண்டும். வெயில் தாழும்வரை பற்றவைக்கக் கூடாது. அதைச் சோதிக்க வீடு வீடாகப் போய் அடுப்புக்குள் கையை வைத்துப் பார்ப்போம். ஒருமுறை கங்கு இருப்பது தெரியாமல் வைத்துவிட்டேன். நானிருந்த காலத்தில் எங்கள் படைக்கு ஏற்பட்ட ஒரே தீக்காயம் அதுதான்.

முறுக்கு சுட்டு டாலா படகில் விற்கிற ஓர் அக்கா இருந்தார். புருஷன் கப்பலேறிப் போனவர், கடிதம்கூடக் கிடையாது. எண்ணெய்ச் சட்டியோடு பிழைக்கிறவர் என்பதால் அவர் வீட்டை நாங்கள் விடாமல் சோதிப்போம். அடுப்பு எப்போதும் சில்லென்றுதான் இருக்கும்.

"நல்லா தொட்டுப் பாருங்க தம்பி. என் மாமியாகூட இப்பிடி அடுப்புக்குள்ள தலைய விட்டதில்ல."

அந்தக் கோடையில்தான் கூரை மாற்றியிருந்தார். காதிலிருந்த கம்மல் போய், புது ஓலையாக வந்திருந்தது.

ஒருநாள் உச்சிவெயிலில் மேலண்டைப் பக்கம் ஒருவன் பன்றிக்குக் கஞ்சி காய்ச்சினான். தடையுள்ள நேரம். தட்டி பிடித்து, கூரை பிடித்து, தெரு பிடித்துக்கொண்டது. நாங்கள் படையின் தண்ணீர்ப் பம்பை உருட்டிக்கொண்டு ஓடினோம். கயிற்றை இழுக்க இழுக்க அது கிழவனைப்போல இருமியது, கிளம்பவில்லை. வெயிலிலும் மழையிலும் வெளியே கிடந்த பம்பு.

எங்கள் தலைவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் சயாஜிதான், பர்மியத்தில் பெரிய வாத்தியார். விரலை எச்சில் பண்ணிக் காற்றில் நீட்டினார். பிறகு அதே விரலால் அக்காவின் வீட்டைக் காட்டினார்.

அக்கா வாசலை மறித்துக்கொண்டார். "சயாஜி, தீ இன்னும் அங்கிட்டுல்ல இருக்கு!"

"வந்தப்புறம் புடுங்கினா அதுக்குப் பேரு தீயணைப்பு இல்லம்மா, சவ அடக்கம்."

"பக்கத்து வீட்டப் புடுங்குங்களேன். அது பழங்கூர."

பக்கத்து வீட்டுக்காரர் தன் சாமான்களை வெளியே எறிவதை நிறுத்திவிட்டு, "யக்கா, புதுக் கூரதான் சீக்கிரம் வரும். தம்பிக்கும் செரமம் இல்ல" என்றார். முந்தின நாள்வரை அக்காவிடம் முறுக்கு நொறுக்கை இலவசமாக வாங்கித் தின்றவர்.

அக்கா மூங்கிலைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, கொஞ்சம் பொறு. காத்து திரும்பிச்சுன்னா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். தலைக்கவசம் நழுவி மூக்கில் உட்கார்ந்தது. கண்தெரியாமல் வீசிய கொக்கி கொடியில் காய்ந்த ஒரு லுங்கியைப் பிடித்து இழுத்து வந்தது. தெருக்கோடியில் ஊர் எரிந்துகொண்டிருக்கிறது, இங்கே கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. இரண்டாம் வீச்சில் கொக்கி உத்தரத்தில் மாட்டியது. அக்காவை இரண்டு பேர் ஓரமாகத் தள்ளினார்கள். மற்றவர்கள் என்னோடு சேர்ந்து இழுத்தார்கள். கூரை சிதறாமல் ஒரே துண்டாக இறங்கியது. கட்டியவன் கெட்டிக்காரன். யாரோ கைதட்டினார்கள்.

தூசி அடங்குவதற்குள் காற்று ஆற்றுப்பக்கம் திரும்பிவிட்டது. அக்காவின் வீட்டுக்கு இரண்டு வீடு முன்னாலேயே தீ நின்றது.

"பாத்தீங்களா? கொக்கியக் கண்டதும் ஓடிருச்சு" என்றார் சயாஜி.

சில நாள் கழித்து நிவாரண அதிகாரி வந்தார். எரிந்த வீட்டுக்குத் தகரம், அரிசி, கம்பளி. அக்காவின் முறை வந்ததும் அவர் பர்மியத்தில் கேட்டார். சயாஜி எங்களுக்குத் தமிழில் சொன்னார்: "எரிஞ்சுதா, இல்லையான்னு கேக்கிறாரு."

"புடுங்கினது" என்றேன் நான்.

"அது கேக்கல. எரிஞ்சுதா?"

வரிசையில் நின்றவர்கள் என் வேலையைச் சுலபமாக்கினார்கள். தகரம் பங்கு குறையுமே. "எரியலங்க" என்றார்கள் ஒரே குரலில். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு படி மேலே போனார்: "ஒரு பொறிகூட விழலங்க. நான் கண்ணால பாத்தேன்."

அக்கா தன் வீட்டுக் கால்களைக் காட்டினார். கரிக்கட்டை பொறுக்கி வந்து விடியற்காலையிலேயே பூசிவைத்திருந்தார். அதிகாரி விரலால் தேய்த்தார். கரி கையோடு வந்தது. அவர் சுற்றுமுற்றும் பார்த்து, உயரமாக நின்ற என் சிவப்புச் சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் சிரிப்பு. பன்றிக்கஞ்சிக்காரன் லாக்கப்பில் இருந்தான். ஆனால் அவன் வீடு முறைப்படி எரிந்திருந்ததால், அவன் பெண்டாட்டி தகரத்தோடு போனாள்.

அன்று சாயங்காலம் அக்கா என்னிடம் ஒரு தீப்பெட்டியை நீட்டினார்.

"புடுங்கினது நீதானே? கொளுத்தியும் விட்டுரு. அந்த ஆளு நாளைக்கும் வாராராம்."

"ஐயோ அக்கா, ஜெயிலு."

"ஜெயில்ல கூர இருக்குல்ல?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தீப்பெட்டியை மடியில் செருகிக்கொண்டு போய், கிடந்த ஓலையின் மேல் உட்கார்ந்தார். கொளுத்தவில்லை. கோடைக் கட்டுப்பாட்டை அந்த ஊரில் கடைசிவரை மீறாதவர் அவர்தான்.

அடுத்த வாரம் சயாஜி ஊரைக் கூட்டினார். அந்த வீடு இருந்த இடம் காலியாகக் கிடப்பது ஊருக்கே பாதுகாப்பு, இனி அங்கே யாரும் வீடு கட்டக் கூடாது என்றார். மிஞ்சிய தகரத்தை வீணாக்காமல், அங்கேயே பம்புக்கு ஒரு கொட்டகை போடலாம் என்றும் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர்தான் முதலில் கையைத் தூக்கினார்.

தகரம் அடிக்க உயரமான ஆள் வேண்டுமே! நான் ஏறியிருந்தபோது அக்கா மூட்டையும் எண்ணெய்ச் சட்டியுமாகச் சைக்காவுக்குக் காத்து நின்றார். தன்லியினில் தங்கை வீட்டு அடுக்களையில் படுக்க இடம் இருந்ததாம்.

"ஆணிய நல்லா அடி தம்பி" என்றார் கீழேயிருந்து. "யாரும் புடுங்காம இருக்கணும்."

சைக்கா திரும்பியதும் பம்பை உள்ளே உருட்டினோம். சயாஜி சும்மா ஒரு தடவை கயிற்றை இழுத்துப் பார்த்தார். ஒரே இழுப்பில் கிளம்பிவிட்டது.