அஸ்திப் படகில் ஒரு வலை

அஸ்தி கரைக்கப் போகும் படகில் பெண்களை ஏற்றுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. ஆனால் தாத்தாவின் அஸ்தியோடு பண்டமாரானிலிருந்து கிளம்பியபோது, நானும் வந்தே தீருவேன் என்று அத்தை பிடிவாதமாக நின்றாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள். அப்பன்மேல் எவ்வளவு பாசம் பார் என்று சொந்தக்காரர்கள் உருகிப் போனார்கள்.

கடலில் கலயத்தைக் கவிழ்த்து, அப்பா மொட்டைத் தலையோடு கும்பிட்டு முடித்தார். உடனே அத்தை தன் பையிலிருந்து கொசுவலை போன்ற ஒரு வலையை எடுத்தாள் பாருங்கள், எனக்கே திக்கென்றது.

அத்தை பல்கலைக்கழகத்தில் கூனி இறாலை ஆராய்ந்துகொண்டிருந்தாள். கூனியிலும் சின்ன வகை, அரிசி மணி அளவுதான் இருக்கும். எத்தனை பிறக்கின்றன, எத்தனை சாகின்றன என்று அறிய, ஓராண்டு முழுக்க மாதம் தவறாமல் அதே கரையோரத்தில் அள்ளிப் பார்க்க வேண்டும். ஒரு மாதம் விட்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அந்த மாதத்துக்கு அன்றுதான் கடைசி நாள்.

அப்பா குரலை உயர்த்தவில்லை.

“அப்பாவ அனுப்ப வந்தியா, கூனி அள்ள வந்தியா? நீ இருக்குற பிரிக்பீல்ட்ஸ்ல இருந்து கொமியூட்டர் ரயில் ஏறுனா ஒரு மணி நேரம். அவரு படுத்துக் கெடந்தப்ப ஒரு நட வந்து பாத்தியா நீ?”

அத்தை திரும்பி, படகோட்டிய மலாய்க்காரப் பெரியவரை ‘பக்சிக், பக்சிக்’ என்று கெஞ்சிக் கரையோரம் ஒதுங்கச் சொல்லி, வலையை இறக்கினாள். போத்தலைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் சமையலறை மேசையில் உட்கார்ந்து, குஞ்சு சுமக்கும் தாய்க் கூனிகளைப் பூதக்கண்ணாடியில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். இவ்வளவு திட்டு வாங்கி இன்றைக்கே அள்ள வேண்டுமா, அடுத்த மாதம் அள்ளினால் ஆகாதா என்று கேட்டேன்.

“இதுங்களுக்கு ஆயுசு கம்மிடி. ஒரு மாசம் பாக்காம விட்டுட்டோம்னா, அப்புறம் வந்து தேடுனாலும் இருக்காது,” என்றாள். சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது.

கூனிக்காகவா ஒருத்தி இப்படிக் கலங்குவாள்? எனக்குப் பாவமாகப் போயிற்று. தேற்ற நினைத்து, “அதான் நீங்க நேரத்துக்குப் போயிட்டீங்களே அத்தை,” என்றேன்.

அவ்வளவுதான். மேசையில் கவிழ்ந்து கதறினாள். அப்பா ஓடி வந்தார். என்ன ஏது என்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு அவரும் அழ ஆரம்பித்தார்.

நல்ல வார்த்தைதானே சொன்னேன், இதற்கு எதற்கு இரண்டு பேரும் அழுகிறார்கள் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.