பிஸ்கட் டின்னில் இருந்த கேப்

போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் எனக்கு ஒரு பரிசு கொடுத்தார். அதை வாங்கியதிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

சொல்லவே கூச்சமாகத்தான் இருக்கிறது... ஆனால் இந்தப் பத்தியில் என் காரைப் பற்றி எத்தனை முறை பீற்றிக்கொண்டிருக்கிறேன்? 'உங்கள் கார் புராணம் எப்போதுதான் முடியும்?' என்று ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி கடிதம்கூடப் போட்டிருந்தார். பெருமையை எழுதிய இடத்திலேயே அசிங்கத்தையும் எழுதிவிடுவதுதான் நியாயம்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு மட்டும் சுருக்கமாக. என்னிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இத்தாலியில் செய்தது. இரண்டே சீட், தலைக்கு மேல் கூரை கிடையாது, சிவப்பு நிறம், என்னைவிட மூன்று வயது மூத்தது. பாதி நாள் என் ஷெட்டில் நிற்கும், மீதி நாள் மெக்கானிக் ஷெட்டில் நிற்கும். கோவை வட்டாரத்தில் இதே மாடலில் இன்னும் ஒரே ஒரு கார்தான் உண்டு. க்ரீம் கலர். அது சாதிக் பாயுடையது.

பாய் கோட்டைமேட்டுக்காரர். டவுன்ஹால் பக்கம் பூட்டு, தாழ்ப்பாள், கீல் விற்கும் கடை வைத்திருக்கிறார். காருக்கென்று துடியலூரில் தனியாக ஒரு ஷெட். எங்களைப் போன்ற பழைய கார்ப் பைத்தியங்கள் முப்பது பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லாக் கார்களையும் கிளப்பிக்கொண்டு எங்கேயாவது போய் இட்லி சாப்பிட்டுவிட்டு வருவோம். வழியில் இரண்டு கார்களாவது நின்றுபோகும்.

அந்தக் குரூப்பில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. ஒருவர் ஒரு சாமான் கேட்டால், வைத்திருப்பவர் எடுத்துக் கொடுத்துவிட வேண்டும். விலை பேசக் கூடாது. பின்னால் அதே சாமான் எங்காவது கிடைத்தால் திருப்பிக் கொடுத்தால் போதும். இந்தச் சட்டம் மட்டும் இல்லையென்றால் எங்கள் கார்களில் பாதி எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன் என் வைப்பர் மோட்டார் எரிந்துபோனது. "மழைக்காலமுங்க... நீங்க ஊட்டிப் பக்கமெல்லாம் போறவரு" என்று தன் காரிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார் பாய். இன்றைக்கும் என் கண்ணாடியைத் துடைப்பது அவருடைய மோட்டார்தான்.

எட்டு மாதத்துக்கு முன் குரூப்பில் அவரிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. 'டிஸ்ட்ரிபியூட்டர் கேப் விரிசல் உட்டுருச்சுங்க. யாருகிட்டயாவது இருக்குதுங்களா? மக கல்யாணத்துக்குள்ள வேணும்.'

டிஸ்ட்ரிபியூட்டர் கேப் என்பது உள்ளங்கையில் அடங்குகிற கறுப்பு மூடி. பிளக் ஒயர்கள் எல்லாம் இதன் தலையில்தான் செருகியிருக்கும். இதில் தலைமுடி அளவு விரிசல் விழுந்தாலும் கரண்ட் கண்ட பக்கம் பாய்ந்து, எஞ்சின் கிளம்பாது. கோயமுத்தூரில் எந்த இரும்புச் சாமானையும் லேத்தில் கொடுத்தால் சாயந்திரத்துக்குள் கடைந்து கொடுத்துவிடுவார்கள். ஆனால் இது இரும்பு இல்லையே! வேறு காரின் கேப்பும் இதற்குப் பொருந்தாது.

கார் எதற்கு வேண்டும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். பாயின் மகள் ஆயிஷா, பள்ளிக்கூடம் போகும் வயதிலிருந்தே அந்தக் காருக்கு அடியில் படுத்திருக்கும் அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவள். நிக்காஹ் முடிந்ததும் மாப்பிள்ளையோடு அந்த க்ரீம் காரில்தான் கிளம்புவேன் என்று எப்போதோ சொல்லிவைத்துவிட்டாள். கேப் விரிசல் விடுவதற்கு முன்பே, மாப்பிள்ளைக்கு அந்தக் காரின் கியரைப் பழக்க பாய் ஒரு மாதம் மெனக்கெட்டிருந்தார்.

என்னிடம் அந்தக் கேப் இருந்ததா?

இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. பழைய வேட்டித் துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னில் போட்டு, பீரோவுக்கு அடியில் ஏழு வருஷமாக வைத்திருந்தேன். அவ்வப்போது வெளியே எடுப்பேன், துடைப்பேன், பார்ப்பேன், திரும்ப உள்ளே வைப்பேன்.

என் தோளுக்கு மேலாக எட்டி அந்த மெசேஜைப் படித்த என் மனைவி கேட்டாள்: "ஏனுங்க, உங்ககிட்டத்தான் ரெண்டு இருக்குதுங்களே? ஒண்ணக் குடுத்துப்போடுங்க."

"ஒண்ணு ஒடஞ்சா இன்னொண்ணு வேணுமில்ல அம்மணி?"

"இப்பக் கார்ல இருக்கறதே ஒடயலீங்களே?"

நான் போனை அவள் பார்வையிலிருந்து திருப்பிக்கொண்டேன். "என்னமோ போங்க" என்றபடி அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். நான் குரூப்பில் டைப் அடித்தேன்: 'நானும் அதைத்தான் தேடிட்டு இருக்கேன் பாய். கிடைச்சா சொல்றேன்.'

சும்மாவாவது இருந்திருக்கலாம். ஆனால் அதே மாடல் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான்... பேசாமல் இருந்தால் சந்தேகம் வராதா? அதற்காகத்தான் அந்த மெசேஜ். என்ன ஒரு முன்யோசனை பாருங்கள்!

நாளைக்கு என் கேப் உடைந்தால் என்ன செய்வது என்ற பயம்தான் காரணம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதியையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் ரேஸ்கோர்ஸில் பழைய கார்க் கண்காட்சி இருந்தது. வருஷா வருஷம் எங்கள் இரண்டு கார்களையும் பக்கத்துப் பக்கத்தில் நிறுத்துவார்கள். வருஷா வருஷம் ஜனங்கள் முதலில் க்ரீம் காரைத்தான் போட்டோ எடுப்பார்கள். பாயின் பெயின்ட் வேலை அப்படி. க்ரோம் பளபளப்பில் முகம் பார்த்துத் தலை சீவலாம். என் காருக்குப் பக்கத்தில் வந்து நின்று செல்ஃபி எடுப்பவர்கள்கூடப் பின்னணியில் அந்தக் கார் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்வார்கள்.

அந்த வருஷம் க்ரீம் கார் வரவில்லை. என் காரைச் சுற்றி அப்படி ஒரு கூட்டம். "இந்தப் பக்கம் இந்த மாடல் இது ஒண்ணுதானுங்களா?" என்று ஒருவர் கேட்டார். "ஓடறது இது ஒண்ணுதானுங்க" என்றேன். இப்போது எழுதும்போது காது சுடுகிறது. அன்றைக்குச் சுடவில்லை. வந்தவர்கள் தோளில் கை போட்டுப் போஸ் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது மனசு உறுத்தியது. கொடுத்துவிடலாமா? ஆனால் என்ன சொல்லிக் கொடுப்பது? 'இப்பத்தான் பாய் ஒருத்தர்கிட்ட கிடைச்சுது' என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே நம்பும்படியாக இல்லை. ஒரு பொய்யைச் சொன்ன பிறகு நல்லது செய்யக்கூட இன்னொரு பொய் தேவைப்படுகிறது. டின்னைத் திரும்பவும் பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

கல்யாணத்தன்று க்ரீம் காரைக் கயிறு கட்டி இழுத்துவந்து மண்டப வாசலில் நிறுத்தியிருந்தார்கள். பானெட் நிறையப் பூ. ஆயிஷாவும் மாப்பிள்ளையும் போட்டோவுக்காக அதில் ஏறி உட்கார்ந்தார்கள். போட்டோ முடிந்ததும் இறங்கி, பின்னால் நின்றிருந்த வாடகைக் காரில் ஏறிப் போனார்கள். இறங்குவதற்கு முன் அந்தப் பெண் ஸ்டீயரிங்கை ஒரு தரம் தடவிவிட்டு இறங்கியதை நான் பார்த்தேன்.

பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களும் தேடுனீங்க... நமக்கு அமையலீங்க" என்றார். நான் தலையாட்டினேன். அதற்கு முன்பே பிரியாணி சாப்பிட்டிருந்தேன். இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருந்தேன்.

இனி, போன ஞாயிறு. பொள்ளாச்சிக்குப் பயணம். துடியலூர்ப் பக்கமிருந்து க்ரீம் கார் ஜம்மென்று ஓடி வந்தது. எனக்கு ஆச்சரியம். கிணத்துக்கடவில் டீ குடிக்க நிறுத்தினோம். பாய் தன் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"அபுதாபில இருக்கற மச்சான் பையன் புடிச்சுப்போட்டானுங்க. இத்தாலில யாரோ வயசான ஆளு வெச்சிருந்தாராம். மொத்தமே ரெண்டுதான் இருந்துச்சாம்."

"ரெண்டு...?"

"ஒண்ணு என் காருக்கு மாட்டிட்டேனுங்க. இது உங்களுக்கு. நீங்களும் தேடிட்டு இருக்கேன்னு சொன்னீங்கல்லங்க, அதான் ரெண்டையுமே வாங்கச் சொன்னேன்."

அவர் மறக்கவில்லை. நான் தப்பிக்கச் சொன்ன ஒரு வரியை எட்டு மாதமாக ஞாபகம் வைத்திருந்திருக்கிறார். இன்னொன்றைத் தனக்கு ஸ்பேராக வைத்துக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன். நன்றி என்று சொன்னேனா, இல்லையா என்று நினைவில்லை. என் டீ அப்படியே ஆறிப்போனது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் உள்ளே போய் பீரோவுக்கு அடியிலிருந்து டின்னை இழுத்து எடுத்து வந்து, சாப்பாட்டு மேஜையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை துடியலூர் போனேன். பாய் ஷெட்டில் சக்கரம் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் டீ வரவழைத்தார். டின்னைத் திறந்து, அவர் கொடுத்த அட்டைப் பெட்டியோடு சேர்த்து அவர் முன்னால் வைத்தேன். வேட்டித் துணியைப் பிரித்தார். அதிலிருந்த இரண்டு கேப்பையும் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது எப்ப இருந்து இருக்குதுங்க?"

"ஏழு வருஷமா இருக்குது பாய்."

அவர் துணியைப் பழைய மடிப்பு மாறாமல் திரும்பச் சுற்றினார். பிறகு சொன்னார்:

"அன்னிக்குக் காலைல வரைக்கும் ஆயிஷா கேட்டுட்டே இருந்தாளுங்க, 'அத்தா, கார் கிளம்பிருமா'ன்னு. 'எங்கயுமே கெடைக்கல கண்ணு... இருந்தா நம்ம ஆளுங்க குடுக்காம இருப்பாங்களா'ன்னு சொன்னேனுங்க. இப்ப அவகிட்ட என்னன்னு சொல்றதுங்க?"

"மூணையும் நீங்களே வெச்சுக்கங்க பாய்" என்றேன்.

"ஒரு காருக்கு ஒண்ணுதானுங்களே மாட்ட முடியும்? எனக்கு ஒண்ணு போதுமுங்க."

"வைப்பர் மோட்டாரையாச்சும் கழட்டிக் குடுத்துட்டுப் போறனே..."

"மழை வரப்போவுதுங்க. இருக்கட்டும். டீ ஆறுதுங்க, குடிங்க."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. மரியாதையில் ஒரு 'ங்க' கூடக் குறையவில்லை. கேட் வரை வந்து, "பாத்துப் போங்க" என்றார். 'அடுத்த மாசம் பாக்கலாமுங்க' என்று வழக்கமாகச் சொல்வதை மட்டும் சொல்லவில்லை.

பழைய காரைப் பராமரிப்பதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. துரு பிடிக்க விட மாட்டேன், ஆயில் மாற்ற மறக்க மாட்டேன். அந்தச் சிரத்தையில் கொஞ்சத்தை மனுஷர்களிடம் காட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. எதையாவது துணியில் சுற்றிப் பீரோவுக்கு அடியில் வைத்திருக்கிறீர்களா? ஒரு தடவை எடுத்துப் பாருங்களேன்... அது யாருக்காவது இன்றைக்குத் தேவைப்படலாம்.

அன்று சாயந்திரமே குரூப்பில் நடந்ததை மறைக்காமல் எழுதிவிட்டு, கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'என்னிடம் மூன்று கேப் இருக்கிறது. வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.'

மூன்று நாளாகிறது. யாரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? இந்த வட்டாரத்தில் அது பொருந்தக்கூடிய இன்னொரு காரின் சொந்தக்காரருக்குத்தான் ஒன்று போதுமாமே!