கழுத்தைக் கொடுப்பதற்கு முன் கொட்டாஞ்சேனைக்குப் போனேன்

சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குப் போக இருப்பவர்கள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: எந்த டொக்டர்? என்னுடையவர் ஓய்வு பெற்றுவிட்டார், பெயர் சொல்லிப் பயனில்லை. அவரை நம்பலாம் என்று எப்படி முடிவெடுத்தேன் என்பதைச் சொல்கிறேன். அது இன்றைக்கும் உதவும்.

சண்டை நடந்துகொண்டிருந்த காலம். வவுனியாவில் எனக்கு வெங்காயமும் காய்ந்த செத்தல் மிளகாயும் மொத்த வியாபாரம். சைக்கிளில் மூட்டை கட்டித் தொடங்கியது, அப்பன் வைத்துவிட்டுப் போன கடை அல்ல. கழுத்தில் ஒரு கட்டி வந்தது. தைரொய்ட், வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். குரல் நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, நரம்பில் காயம் பட்டால் குரல் போகலாம் என்றும் சொன்னார்கள். கட்டியைவிட அந்தக் கடைசிச் சொல்தான் என்னைப் பயப்படுத்தியது. லொறி வந்து நின்றதும் பத்துப் பேர் சுற்றி நின்று ஏலத்தில் விலை கேட்போம். சத்தமாக, முந்திக் கேட்பவனுக்குத்தான் சரக்கு. குரல் இல்லாவிட்டால் நான் கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

வவுனியாவிலிருந்து கொழும்பு சுமார் 250 கிலோமீற்றர். காலை ஐந்து மணி பஸ், டிக்கட் 350 ரூபாய். மதவாச்சிச் சோதனைச் சாவடியில் எல்லோரும் இறங்கிப் பொதிகளைத் திறந்து காட்டி மறுபடி ஏற வேண்டும். புறக்கோட்டையில் இறங்கும்போது பிற்பகல் மூன்று. வெள்ளவத்தையில் லொட்ஜ், நாளுக்கு 900. அடையாள அட்டையைக் கொடுத்தால் லொட்ஜ்காரரே பொலிஸ் பதிவைச் செய்துவிடுவார். அந்தப் பதிவுத் துண்டு இல்லாமல் வெளியே இறங்கக் கூடாது. இப்போது போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை.

என் மனைவியின் தம்பி சிவா வெள்ளவத்தையில்தான் இருந்தான். முதலில் எங்கள் ஆள், தமிழ் டொக்டர் ஒருவரிடம் கூட்டிப்போனான். பெரிய பெயர், அறை நிறையச் சனம். நான் என் வழக்கப்படி கேட்டேன். புதிய மொத்தக்காரரிடம் சரக்கு எடுக்கும்போது திருப்தியான வாடிக்கையாளர் யார் என்று நான் விசாரிப்பதில்லை. அதை எவரும் காட்டுவார். அழுகின மூட்டை யாருக்குப் போனது, அதன்பின் நீ என்ன செய்தாய் என்றுதான் கேட்பேன். ஆகவே, "டொக்டர், உங்கட கையால ஆருக்கும் குரல் போயிருக்கோ?" என்றேன்.

அவர் சிரித்தார். "என்னட்ட அப்பிடியெல்லாம் நடக்கிறேல்ல. நீர் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம்." அடுத்த நோயாளிக்கு மணி அடித்துவிட்டார்.

அழுகின மூட்டையே வந்ததில்லை என்று சொன்ன வெங்காய வியாபாரியை நான் இதுவரை கண்டதில்லை. எழும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் புறக்கோட்டையில் எனக்கு மிளகாய் தருகிற முஸ்லிம் வியாபாரி நானாவிடம் விசயத்தைச் சொன்னேன். "என்ட வீட்டுக்காரிக்கு ஒரு சிங்கள டொக்டர்தான் செஞ்சார். மனிசன் கதைக்கிறது கொறவு. போய்ப் பாருங்க," என்றார்.

சிவாவுக்கு முகம் மாறிவிட்டது. "இந்த நாளையில சிங்கள டொக்டரிட்டக் கழுத்தை நீட்டப் போறியளோ அத்தான்?"

"நீ எத்தினை வருசமாச் சிங்களச் சலூனில சவரம் எடுக்கிறாய்? அவன் கழுத்தில வைக்கிறதும் கத்திதானே."

"அவன் சவரம் மட்டும்தான் எடுக்கிறான்," என்றான். ஆனாலும் கூட வந்தான்.

பம்பலப்பிட்டியில் சனல் பண்ணினோம், அதாவது காசு கட்டி நேரம் பதிந்து அவரைப் பார்த்தோம், கட்டணம் 600. ஒல்லியான மனிதர். கழுத்தை நிதானமாகத் தடவிப் பார்த்தார். வியாபாரத்தில் பழகிய என் சிங்களத்தில், நான் வெங்காய வியாபாரி என்று சொல்லி, அதே கேள்வியைக் கேட்டேன். பேனையைக் கீழே வைத்தார்.

"ஓம், ஒருவருக்குப் போயிருக்கிறது," என்றார் சிங்களத்தில். "நரம்பு கட்டியோடு ஒட்டியிருந்தது. என் கையால்தான் போனது."

நான் எதிர்பார்க்காத அடுத்த காரியத்தையும் செய்தார். அந்த நோயாளிக்கு ரெலிபோன் எடுத்து, ஒருவரை அனுப்பலாமா என்று கேட்டு, சம்மதம் வாங்கி, விலாசத்தைச் சொன்னார். "அவரைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்."

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை ஏறக்குறைய பத்துக் கிலோமீற்றர். காலி வீதியில் புறக்கோட்டை பஸ், அங்கே மட்டக்குளி பஸ்ஸுக்கு மாற வேண்டும். இடையில் இரண்டு இடத்தில் இறக்கிச் சோதித்தார்கள். கத்தோலிக்கக் கோயிலுக்குப் பின் ஒழுங்கையில் அந்த நோயாளி ஸ்டெல்லா அக்காவின் வீடு. முன்பு கோயில் பாடகர் குழுவில் முதல் குரல் அவருடையதுதான். இப்போது வாயைத் திறந்தால் காற்றோடு கலந்த கரகரப்பு மட்டும். அந்தக் குரலில் நான் விலை கேட்டால் பக்கத்தில் நிற்பவனுக்கே கேட்காது.

"பயந்துட்டீங்களா?" என்றார், தேத்தண்ணியை நீட்டியபடி.

"ஓம் அக்கா. உங்களுக்கு அவரில கோபமில்லையோ?"

"இருந்திச்சு. ஆனா நான் கண்ண முழிச்சப்போ பக்கத்துல கதிரை போட்டு உக்காந்திருந்தாரு. இன்னதுதான் நடந்திச்சு, என் கையால நடந்திச்சுன்னு அவரே சொன்னாரு. நர்ஸ அனுப்பல. ஆறு மாசம் குரல் பயிற்சிக்குப் போனேன், ஒவ்வொரு தடவையும் வந்து பாத்தாரு. என் தங்கச்சிக்கும் கழுத்துல அதே வருத்தம் வந்திச்சு. அவருகிட்டதான் கூட்டிப் போனேன். அவ இன்னிக்கும் பாடுறா."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சிவாவும் என்னோடு திரும்பினான். வெள்ளவத்தையில் இறங்கும்போது, "எப்ப அத்தான் வார்டுக்குப் போக வேணும்?" என்று கேட்டான்.

அடுத்த வாரம் ஒப்பரேசன். எல்லாம் சேர்த்து எழுபதாயிரத்துக்குள் முடிந்தது. கண் விழித்தபோது பக்கத்துக் கதிரையில் அவர் இருந்தார். கதிரையைக் கண்டதும் எனக்கு உயிரே போய்விட்டது. குரல் போனதைச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"வெங்காயம் கிலோ என்ன விலை?" என்றார்.

சொன்னேன். சற்றுக் கம்மியிருந்தது, ஆனால் என் குரல்தான்.

"விலை கூட," என்று சொல்லிவிட்டு எழும்பிப் போனார். அந்தக் கதிரை எல்லாருக்கும் போடுகிற கதிரை என்பது பிறகுதான் தெரிந்தது.

போகிறவர்களுக்கு என் புத்திமதி இதுதான். தங்குவதற்கு வெள்ளவத்தை வசதி. சாப்பாடு, பாசை இரண்டுக்கும் கஷ்டமில்லை. பழைய ரிப்போர்ட் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். டொக்டரிடம் சரியாக வராத ஒப்பரேசனைப் பற்றிக் கேளுங்கள். கோபித்தாலோ சிரித்தாலோ இன்னொருவரைப் பாருங்கள். எங்கள் ஆளா என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம். எனக்கு அது பிறகு தேவைப்படவேயில்லை.

ஊருக்குத் திரும்ப முன் சின்ன வெங்காயம் ஒரு பையில் வாங்கிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். கேற்றடியில் நின்று, "அக்கா!" என்று கூப்பிட்டேன். சந்தோசத்தில் லொறியடியில் கூப்பிடுகிற மாதிரியே வந்துவிட்டது. அவர் காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார்.

"கத்தாதீங்க," என்றார் அந்தக் கரகரப்பில். "எனக்குக் குரல்தான் போச்சு. காது போகல."